காலியாக விட்ட இரண்டு எண்கள்

ஜூன் 24, திங்கள்

தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர். மெக்கானிக் பத்து மணிக்கு வருகிறேன் என்றான். சாயங்காலம் ஆகிவிட்டது, ஆளைக் காணோம்.

போன வாரம் சென்னையிலிருந்து நஸ்ரின் என்ற பெண் போனில் பேசினார். ஆவணப்படம் எடுப்பவராம். ஓய்வு பெற்ற அரசு அதிகாரிகள் சிலரை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, ஒரு கற்பனை நாட்டைக் கொடுத்து, அங்கே ஒரு தளபதி ஆட்சியைப் பிடிக்க வந்தால் என்ன செய்வீர்கள் என்று நடித்துக்காட்டச் சொல்லப்போகிறாராம். எழுதிவைத்த வசனம் கிடையாது. அவர்கள் நிலைமையைச் சொல்வார்கள், நாங்கள் எங்களுக்குத் தெரிந்தபடி நடந்துகொள்ள வேண்டும், அதைப் படம் பிடிப்பார்கள். எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். வாட்ஸ்அப்பில் ஏதாவது வரும் என்று நினைத்தால், இன்று பதிவுத் தபாலில் கடிதமே வந்துவிட்டது. அந்த மரியாதைக்காகவே ஒப்புக்கொள்ளலாம்.

திருச்சியில், மூடிப்போன ஒரு பாலிடெக்னிக்கில் ஐந்து நாள். தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு.

மரகதத்திடம் கடிதத்தைக் காட்டினேன். "முப்பத்தஞ்சு வருசம் ஆபீஸ்ல நடிச்சது பத்தாதாக்கும்?" என்றாள். நான் டைரி எழுதுவதை எட்டிப் பார்த்து இன்னொன்றும் சொன்னாள். "தெனமும் கீழ ரெண்டு வரிய சும்மா விடுதியளே, அது என்னத்துக்கு? பஸ்ஸுல துண்டு போட்டு வைக்க மாதிரி."

பழக்கம் என்றேன்.

ஜூன் 26, புதன்

கலந்துகொள்கிறவர்கள் பட்டியல் வந்தது. மொத்தம் ஆறு பேர். நான்காவது பெயர் ஹெலன் ஜெபமணி. மோட்டார் சரியாகிவிட்டது.

ஜூன் 27, வியாழன்

ரத்த அழுத்தம் நூற்று அறுபது. ஊறுகாயைக் குறைக்க வேண்டும்.

திருச்சிக்குப் போக வேண்டாம் என்று தோன்றுகிறது. மரகதம் ஏன் என்றாள். வெயில் என்றேன். ஆனி மாதத்தில் திருச்சியில் என்ன பனியா பெய்யும், இது ஒப்புக்கொள்ளும்போது தெரியாதா என்றாள். நியாயமான கேள்வி.

ஹெலன் ஜெபமணியை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் ஒரே அலுவலகம். வேறு ஒரு மாவட்டம், பெயர் வேண்டாம். நான் நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளர், அவர் துணை வட்டாட்சியர். நல்ல வேலைக்காரர். பிறகு அவருக்கு மாற்றல் வந்தது, போனார். அரசாங்க வேலையில் மாற்றல் எல்லோருக்கும் வருவதுதான். இருபத்தேழு வருடம் ஆகிறது. அவருக்கு என்னை நினைவிருக்குமோ என்னவோ.

போகாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும். போகிறேன்.

ஜூன் 30, ஞாயிறு, திருச்சி

ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் திண்டுக்கல் வரை மகன் கல்யாணப் பேச்சு. இறங்கியபோது தலை கிண்ணென்றது.

வாசலில் என்னை வரவேற்றவர் வீரபாகு, ஓய்வு பெற்ற போலீஸ் டி.எஸ்.பி. இதற்கு முன் பார்த்ததில்லை. ஐந்து நிமிஷத்தில், பழகிய ஊர்க்காரனைக் கூப்பிடுவதுபோல என்னை 'வே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "நான்தான் வே வில்லன். மீசையப் பாத்ததும் அந்தப் பொண்ணு தளபதி வேஷம் குடுத்துட்டா." எழுபது வயதில் அவருக்கு இதில் அத்தனை குஷி.

சாப்பாட்டுக் கூடத்தில் ஹெலனைப் பார்த்தேன். மாவட்ட வருவாய் அலுவலராகப் போன வருடம் ஓய்வு பெற்றாராம். என்னைவிட மேலே போய்விட்டார். நேரே என்னிடம் வந்தார்.

"குத்தாலலிங்கம் சார், முடியெல்லாம் எங்க போச்சு?"

தேவைக்கு அதிகமாகவே சிரித்தேன். மகளுக்குக் கல்யாணமாகி கோயம்புத்தூரில் இருக்கிறாளாம், பேத்திக்கு இரண்டு வயதாம். வீட்டுக்காரர் மூன்று வருடம் முன்பு தவறிவிட்டாராம். பழைய அலுவலகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

ஜூலை 1, திங்கள்

முதல் நாள். கூடத்தில் ஐந்து கேமரா. முதல் அரை மணி எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அப்புறம் மறந்துபோனது.

விளையாட்டை நஸ்ரின் விளக்கினார். நாட்டின் பெயர் மணற்றீவு. அதன் தலைவர் நாளைக் காலை வைத்தியத்துக்காக வெளிநாடு போகிறார், வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அதற்குள் தளபதி ஆட்சியைப் பிடிக்கப் பார்ப்பார். தலைவர் திரும்பும்வரை, சட்டப்படி செல்லக்கூடிய ஒரு காகிதம் கூடத் தளபதி கைக்குப் போகாமல் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். போகாவிட்டால் நாங்கள் ஜெயித்தோம். நீதிமன்றம், வானொலி, ஜனங்கள் எல்லாம் நஸ்ரினே; சீட்டில் எழுதி அனுப்புவார்.

ஹெலன் தலைமைச் செயலாளர். எனக்குப் பதிவாளர் வேலை. மணற்றீவில் எந்த உத்தரவானாலும் என் பதிவேட்டில் எண் போட்டால்தான் செல்லும். பெரிய நீலப் பதிவேடு ஒன்றைக் கொடுத்தார்கள், சிவப்பு முதுகு, கோடு போட்ட பக்கங்கள். கையில் வாங்கியதும் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. நாள் முழுக்கப் போலி உத்தரவுகள் வந்தன, போலிக் கையெழுத்துகளோடு. நாற்பத்தைந்து வரை எண் போட்டேன்.

மாலை ஐந்து மணிக்கு ஹெலன் என் மேஜைக்கு வந்தார். "கடைசி நம்பர் என்ன சார்?" என்று குனிந்து பார்த்தார். "நாப்பத்தஞ்சு. சரி." என் கை பக்கத்தின் கீழ்ப்பாதியில் இருந்தது. தற்செயலாக.

ஜூலை 2, செவ்வாய்

தலைவர் விமானம் ஏறிவிட்டார். நாற்பத்தெட்டிலிருந்து ஆரம்பித்தேன். மதியம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு; வீரபாகு இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 3, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தளபதி வானொலி நிலையத்தைப் பிடித்துவிட்டதாக நஸ்ரினிடமிருந்து சீட்டு வந்தது. தலைவர் வெளிநாடு போவதற்கு முன்பே, திங்கட்கிழமையே, எல்லா அதிகாரத்தையும் தன்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று தளபதி அறிவித்தார். தலைவரின் கையெழுத்து முத்திரை அவரிடம் சிக்கிவிட்டதாம். ஹெலன் கலங்கவே இல்லை. "முத்திரை என்ன, சந்தையில செஞ்சுக்கலாம். திங்கக்கிழமை தேதியில நம்பர் எங்க? நம்பர் இல்லாம ஒண்ணும் செல்லாது" என்றார். கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் என் மேஜையில் போன் அடித்தது. சுழற்றும் டயல் வைத்த பழைய போன், படத்துக்காக எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார்கள்.

"பதிவாளரா? தளபதி பேசுதேன்."

அது வீரபாகு என்று எனக்குத் தெரியும். காலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்ட வீரபாகு. பக்கத்து அறையில்தான் இருந்தார். சுவர் வழியாகவே அவர் குரல் கேட்டது. இருந்தும் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"வணக்கம் ஐயா."

"திங்கக்கிழமை தேதியில ஒரு உத்தரவு போயிருக்கணும். பதிவேட்டுல எடம் இருக்கா?"

"இருக்குங்க ஐயா."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"எத்தனை?"

"ரெண்டு இருக்குங்க ஐயா. நாப்பத்தாறும் நாப்பத்தேழும்."

"போட்டிரும்."

"சரிங்க ஐயா."

போட்டேன். நாற்பத்தாறில் அதிகார ஒப்படைப்பு, நாற்பத்தேழில் அதன் நகல் வானொலிக்கு. திங்கட்கிழமை மையின் நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. அதற்கு ஏற்ற பேனாவைத் தேடி எடுத்தேன். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

மூன்றே கால் மணிக்கு நஸ்ரினின் நீதிமன்றத்திலிருந்து சீட்டு. பதிவேட்டைப் பார்த்தார்களாம். எண்கள் வரிசையாக உள்ளன. உத்தரவு செல்லும். தளபதி ஜெயித்தார். ஐந்து நாள் விளையாட்டு மூன்றாம் நாளே முடிந்துவிட்டது.

அப்போதுதான் ஹெலன் எழுந்தார். "இல்ல. திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு நான் என் கண்ணால பாத்தேன். அப்படி ஒரு உத்தரவு பதிவேட்டுல கெடையாது."

யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே, "நம்பர் வரிசையா இருக்கே மேடம், நீங்க மறந்திருப்பீங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

ஹெலனின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு விளையாட்டுக்கு யாருக்கும் அப்படி வெளுக்காது. முகம் கழுவப் போனார். வெகு நேரம் கழித்துத்தான் வந்தார்.

நஸ்ரினுக்கு ஒரே சந்தோஷம். நாளை பத்து மணிக்கு எல்லோரையும் உட்காரவைத்து, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று என் மேஜைக் கேமராவில் பதிவானதைத் திரையில் போட்டுக்காட்டப் போகிறாராம். அதுவரை மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடமும் வீரபாகுவிடமும் கேட்டுக்கொண்டார்.

சாப்பிடவில்லை. மரகதம் போன் செய்தாள். வெயில் என்றேன்.

அதே நாள், மறுபடியும்

நாற்பது வருடமாக டைரி எழுதுகிறேன். இருபத்தேழு வருடம் முந்தைய டைரியில் ஒரு பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. வீட்டு அலமாரியில், மேல் தட்டில். அதில் எழுதியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மாலையில் அலுவலகம் முடியும்போது, அன்றைய கடைசி எண்ணுக்குக் கீழே இன்னும் இரண்டு எண்களை எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விடுவது எங்கள் பிரிவில் வழக்கம். மறுநாளோ மறுவாரமோ மேலிடத்திலிருந்து 'பழைய தேதியில் ஒன்று போக வேண்டும்' என்று வந்தால் தவிக்க வேண்டாமே. எந்த விதியிலும் அது கிடையாது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டார், நானும் விட்டேன்.

ஒரு மணல் குவாரி அறிக்கையில் கையெழுத்துப் போட ஹெலன் மறுத்தார். அதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. அறிவித்த பிறகு யாரையும் மாற்றக் கூடாது. மூன்றாம் நாள் மேலிடத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. அன்றும் எழுந்து நின்றேன். அறிவிப்புக்கு முந்தைய நாளின் காலி எண்ணில் அவருடைய மாற்றல் உத்தரவை ஏற்றினேன். எண் 412.

அவருக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு மாவட்டத்தின் மறு கோடிக்குப் போனார். புகார் செய்தார். அறிவிப்புக்கு முந்தைய நாள் மாலை ஏதோ ஒரு கடிதம் அனுப்ப வந்தபோது பதிவேட்டைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், 412-க்கு எதிரே ஒன்றுமே எழுதியிருக்கவில்லை என்றும் விசாரணையில் சொன்னார். பதிவேட்டை எடுத்துக் காட்டியது நான். எண்கள் வரிசையாக இருந்தன. பொய்ப் புகார் என்று முடித்து, அவருக்கு ஒரு வருடம் ஊதிய உயர்வையும் நிறுத்தினார்கள்.

அவர் என் முகத்தைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்று ஒன்பது வருடம். விதிப்படி இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. அந்த விதியை நான் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். பயம் அதைப் பற்றி இல்லை. நாளை பத்து மணிக்குத் திரையில் காலி வரிகளைப் பார்த்ததும் ஹெலனுக்கு எல்லாம் விளங்கிவிடும். நான் சொல்லி விளங்குவதா, படம் சொல்லி விளங்குவதா என்பதுதான் மிச்சம்.

ஜூலை 4, வியாழன்

ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். ஹெலன் புடவையோடு கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தார். இரண்டு சுற்று அவரோடு நடந்தேன். மூச்சு வாங்கியது.

"மேடம், நேத்து நீங்க சொன்னது சரிதான். திங்கக்கிழமை அந்த ரெண்டு நம்பரும் காலியாத்தான் இருந்துச்சு. நான்தான் விட்டேன். நான்தான் பிறகு எழுதினேன்."

"விளையாட்டுதானே சார், விடுங்க" என்றார். நடந்துகொண்டே இருந்தார்.

"நானூத்திப் பன்னெண்டும் காலியாத்தான் இருந்துச்சு."

நின்றுவிட்டார். நானும் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த கூடைப்பந்துக் கம்பத்தைப் பார்த்தார். மைதானத்து ஓரத்தில் உடைந்த சிமென்ட் பெஞ்சு ஒன்று இருந்தது. அதில் போய் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன், போன் வந்ததிலிருந்து விசாரணையில் பதிவேட்டைக் காட்டியதுவரை.

முடித்த பிறகு கேட்டார். "அப்போ நான் பாத்தது நெசம்."

"நெசம்தான் மேடம்."

"எதுத்தாப்புல ஒண்ணுமே எழுதல. வெறும் நம்பர் மட்டும்."

"வெறும் நம்பர் மட்டும்தான்."

அவர் அழுதார். நான் அழுகைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் கூடவே சிரித்தார், அதற்கு நான் தயாராக இல்லை. "எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மனுசன் சார். என்னையப் பொய் சொல்லுதேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. 'நீ அசதியில இருந்த ஹெலன், பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்கவிடல, வேற பக்கத்தப் பாத்திருப்ப'ன்னுதான் சொல்லுவார். சாகுற வரைக்கும் அதான் சொன்னார். பத்து வருசம் கழிச்சு நானே அத நம்பிட்டேன். அதுக்கப்புறம் எதப் பாத்தாலும் ரெண்டு தடவ பாப்பேன். கேஸ மூடிட்டோமா, கதவப் பூட்டினோமா, எல்லாம் ரெண்டு தடவ. என் கண்ணு மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சு."

மன்னித்துவிடுங்கள் என்றேன். சொன்ன பிறகு எனக்கே அது சின்னதாகப் பட்டது.

"அதப் பத்தி அப்புறம் பாக்கலாம் சார். இப்போ எழுதிக் குடுங்க."

"படத்துல சொல்லட்டுமா?"

"படத்துல சொல்லுதது உங்க இஷ்டம். எனக்கு வேண்டியது தாள்ல."

அறைக்குப் போய் வெள்ளைத்தாளில் எழுதினேன். 'இதனால் எழுதிக் கொடுப்பது என்னவென்றால்' என்று தொடங்கினால் கை தானாகப் போகிறது. கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் பழைய மேஜையில் உட்கார்ந்திருப்பவர்போல வரிவரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"'தவறுதலாக'ன்னு எழுதியிருக்கீங்க. தவறுதலாவா சார் நடந்துச்சு?"

அந்தச் சொல்லை அடித்தேன். மேலே 'தெரிந்தே' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். "இன்னைக்குத் தேதியப் போடுங்க" என்றார். போட்டேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஜிப்பை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

பத்து மணிக்குத் திரையில் என்னைப் பார்த்தேன். வெறும் போனுக்கு எழுந்து நிற்கிற வழுக்கைத்தலைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள், நிஜமாகவே சிரிப்பாகத்தான் இருந்தது. வீரபாகு, "நான் சும்மா கேட்டுப் பாத்தேன் வே, எடம் இருக்கும்னு கனவுல கூட நெனக்கல" என்றார். ஏன் காலியாக விட்டீர்கள் என்று நஸ்ரின் கேட்டார். கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது. பழக்கம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஹெலனைப் பார்த்தேன். அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சொன்னேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. ஒரு பெண் அதிகாரி என்றேன். முடித்ததும் ஹெலன் கையைத் தூக்கி, "அந்த அதிகாரி நான்தான்" என்றார். நேற்று 'மறந்திருப்பீங்க' என்று சிரித்தவர் எழுந்து அவரிடம் போய் ஏதோ சொன்னார். என்னவென்று காதில் விழவில்லை.

வெளியே வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். நெஞ்சில் இத்தனை வருடம் ஏறி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனதுபோல இருந்தது. பசித்தது. வெட்கமில்லாமல் பசித்தது. மதியம் மூன்று தடவை சோறு வாங்கினேன்.

ஜூலை 5, வெள்ளி

நஸ்ரின் விளையாட்டை முதலிலிருந்து மறுபடி நடத்தினார், ஐந்து நாளையும் ஒரே நாளில் சுருக்கி. முதல் நாள் முடிந்தது என்று மணியடித்ததும், கடைசி எண்ணுக்குக் கீழே குறுக்குக்கோடு போட்டு, நானும் கையெழுத்துப் போட்டு, ஹெலனிடமும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு போன் வந்தது. இந்த முறை வீரபாகு சுவர் அதிரக் கத்தினார். என் முழங்கால் தானாக நிமிரப் பார்த்தது. முன்யோசனையாகப் பதிவேட்டை மடிமேல் வைத்திருந்தேன். கனமான பதிவேடு, அது பிடித்துக்கொண்டது. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஹெலன் உள்ளங்கையைக் கீழே காட்டி, உட்காருங்கள் என்று சைகை செய்தார்.

"எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க ஐயா" என்றேன்.

"நான் யார் தெரியுமா வே?"

"அதையும் எழுத்துல அனுப்புங்க ஐயா."

தளபதிக்குக் காகிதம் கிடைக்கவில்லை. தலைவர் திரும்பி வந்துவிட்டார். மணற்றீவு பிழைத்தது. வீரபாகு மீசையைத் தடவிக்கொண்டு, "இந்த நாட்ட வச்சு நான் என்ன செய்யப்போறேன், நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். எல்லோரும் கல்யாண வீடு போலச் சத்தம் போட்டோம்.

கிளம்பும்போது ஹெலன் ஆட்டோவில் ஏறினார். "வாரேன் சார்" என்றார். அவ்வளவுதான். நானும் தலையாட்டினேன்.

ஜூலை 6, சனி, வீடு

மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அந்த வருசம் நீங்க மூணு மாசம் சரியாத் தூங்கல. சர்க்கரை வந்துட்டோன்னு பயந்து நான்தான் உங்கள டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. எட்டு மாசப் பிள்ளைக்காரின்னு தெரிஞ்சுதான செஞ்சிய?"

ஆமாம் என்றேன்.

எழுந்து உள்ளே போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து, "சாப்பிட வாங்க" என்றாள். குரலில் கோபம் இருந்தது. இலையில் சோறும் இருந்தது.

ஜூலை 8, திங்கள்

மரகதம் இன்னும் அளந்துதான் பேசுகிறாள். ரத்த அழுத்தம் நூற்று முப்பது.

ஜூலை 15, திங்கள்

ஹெலனிடமிருந்து அஞ்சலட்டை. அப்படியே எழுதுகிறேன்.

'தங்கள் 4-ஆம் தேதிக் கடிதத்தை என் மகளுக்கும் மருமகனுக்கும் படித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் கல்லறைக்கும் கொண்டுபோனேன். நான் பார்த்தது சரிதான் என்று அவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். மனம் லேசாக இருக்கிறது. மேல் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக் கோப்பை முடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனா ஓடவில்லை. இப்போதைக்கு நிலுவையில் வைத்திருக்கிறேன். ஒரு நாள் உங்கள் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மீன்குழம்பு வைக்கிறேன். முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவும்.'

மரகதம் வாங்கி இரண்டு தடவை படித்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம போவோம். நீங்க சைவம்னு சொல்லிக்கிட்டு இருக்காதிய, வைக்கதத் தின்னுங்க" என்றாள். இந்த ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது. உடனே ஒரு அஞ்சலட்டை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து அந்தப் பழைய டைரியை எடுத்தேன். காலிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவைக் கையில் எடுத்தேன். அன்று நடந்ததை அன்றைய தேதியிலேயே எழுதி வைத்தால் பார்க்க ஒழுங்காக இருக்குமே என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை பட்டாலும் புத்தி அந்தப் பக்கம்தான் போகிறது.

பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு போட்டேன். அடியில் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதினேன்: ஜூலை 15. இன்றைய தேதி.

இந்த டைரியில் இன்றைய பக்கத்தின் கீழே மிச்சமிருந்த இரண்டு வரிகளையும் அடித்துவிட்டேன்.